காலருக்குள் இட்ட குறி

சேகர், இது உன் அப்பா சொல்லச் சொல்லப் பாக்கியம் எழுதுகிற கடிதம். பாக்கியத்தை உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு எதிர் மாடியில் வாடகைக்கு இருக்கிறவள், தென்காசிப் பக்கத்துக்காரி, எறணாகுளத்தில் ஓட்டல் அடுக்களையில் வேலை. மட்டாஞ்சேரியில் நம் தெருவில் தமிழ் எழுதத் தெரிந்தவள் என்று இப்போது எனக்குக் கிடைத்தது அவள் ஒருத்திதான். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, அச்சில் வருகிற மாதிரி எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மலையாளத்தில் யாரையாவது எழுதச் சொல்லியிருந்தால் நீ இன்னும் வேகமாகப் படித்திருப்பாய், தெரியும். ஆனால் மலையாளத்தில் நான் துணி வாங்கியிருக்கிறேன், துணி கொடுத்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். என் தப்பை ஒத்துக்கொண்டது கிடையாது. தமிழிலும் ஒத்துக்கொண்டதில்லைதான். தொடங்குவதென்றால் என் அம்மா பேசிய பேச்சில் தொடங்கலாம் என்று நினைத்தேன். ஒரு வரியையும் விடாமல் படி. கண் வலித்தால் நிறுத்தி நிறுத்திப் படி. ஆனால் புதன்கிழமைக்குள் படித்துவிடு.

புதன்கிழமை நீ வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாய். எழுதுகிறவர்களுக்கென்று அங்கே வீடு கொடுத்து, சோறு கொடுத்து, ஆறு மாதம் உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள் என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் உன் மூன்றாவது நாவல் மலையாளத்தில் மறுபடி அச்சுக்குப் போகிறது, தமிழிலும் வருகிறது என்றும் சொன்னாய். அந்த நாவலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வாரம் போனில் நான் இழுத்து இழுத்துப் பேசினேனே, நினைவிருக்கிறதா? "அந்த டீச்சரம்மா மனசு நொந்திருக்குப்பா" என்றேன். நீ சிரித்தாய். "அப்பா, கதைன்னா கதைதான். பேரை மாத்தியாச்சு, தெருவை மாத்தியாச்சு. யாருக்கும் ஆளு தெரியாது" என்றாய். நான் "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. டீச்சர் மனது நொந்தது பாதி விஷயம். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உன்னிடம் நான் சொன்ன கதை பொய், சேகர். அந்தப் பொய்யின் மேல்தான் நீ அந்தப் புத்தகத்தைக் கட்டியிருக்கிறாய்.

முதலில் இருந்தே சொல்கிறேன். எழுத்துத் தெரியாதவன் எதையும் நடுவில் இருந்து சொல்லக் கூடாது, வழி தவறிவிடும்.

சலவைக்கூடத்தில் அப்போது நாற்பது கல், நாற்பது தொட்டி. நம் ஆட்கள் எல்லாரும் தமிழர்கள். ஆளுக்கொரு கல் என்றாலும் குறி போடும் வேலை மட்டும் ஒருவனிடம்தான் இருக்கும். புதுத் துணி வந்தால் ஊசியைச் சேங்கொட்டையில் குத்தி, அந்தக் கறுப்புப் பாலைத் தொட்டு, சட்டையென்றால் காலருக்குள்ளே, முண்டென்றால் ஓரத்தில், அந்த வீட்டுக்கென்று உள்ள குறியைப் போட வேண்டும். மேலே துளி சுண்ணாம்பு. துணி கிழிந்து நூலாகிப் போகும்வரை அது அழியாது. முந்நூறு வீட்டுக்கு முந்நூறு குறி. இரண்டு கோடு, நடுவில் புள்ளி. மூன்று புள்ளி, கீழே வளைவு. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. அ எழுதத் தெரியாத எனக்கு ஆட்கள் வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. தப்புக் குறி விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அழிக்க முடியாது, ஆகையால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான குறியைப் போட்டு, துணிக்காரரிடம் நேரில் போய் "தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தப்புப் போட்டவனிடமிருந்து குறி போடும் வேலை போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவருக்கு அப்படித்தான் போனது. அதனால்தான் எனக்கு வந்தது.

நீ தவழ்ந்துகொண்டிருந்த வருஷம். ஓணம் முடிந்த வாரம். ஓணத்துக்கு எல்லா வீட்டிலும் புதுத் துணி எடுப்பார்கள் இல்லையா, அதெல்லாம் முதல் சலவைக்கு ஒரே சமயத்தில் வந்து குவியும். மாரியப்பன் என்று எனக்குப் பக்கத்துக் கல்காரன், வாய் நீளம். "என்ன கணக்கப்பிள்ளை, இந்த மலையில இருந்து எது எந்த வீட்டுதுன்னு மூட்டையப் பார்க்காம சொல்லிருவியளோ?" என்றான். "மூட்டை எதுக்குலே, தொட்டுப் பார்த்தே சொல்லுவேன்" என்றேன். "எங்க, சொல்லும். தப்பாப் போச்சுன்னா ஒரு வாரம் என் துணிக்கும் நீரே கஞ்சி போடணும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மூட்டைகளை அவிழ்த்து ஒரே குவியலாகக் கொட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, வீட்டுப் பெயரைச் சொல்லிக் குறி போட்டேன். அறுபது எழுபது உருப்படி இருக்கும். மாரியப்பன் கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு போனான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தக் குவியலில் ஒரு சட்டை. கெட்டியான துணி, இளநீலம், பெரிய அளவு. யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகு வாங்க வடக்கேயிருந்து வந்து, லாட்ஜில் நாலு நாள் தங்கிய ஒருத்தருடையது. அதன் காலரில் நான் போட்டது ராதாமணி டீச்சர் வீட்டுக் குறி.

ராதாமணி டீச்சரை நீ பார்த்ததில்லை. நீ எழுதியிருப்பது வேறு யாரோ. இவர் நெட்டையான மனுஷி, வேகமாக நடப்பார், குடையை மடக்கியே வைத்திருப்பார், மழை பெய்தாலும். கணவர் கப்பல் கம்பெனி வேலை, மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நாலு வயதில் பிந்து என்று ஒரு பெண் குழந்தை. சலவைக்குத் துணி போடும்போது ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். நான் திருப்பிக் கொடுக்கும்போது அவர் படிக்கப் படிக்க நான் எடுத்து வைப்பேன். ஒரு நாளும் ஒரு உருப்படி குறைந்ததில்லை. "அண்ணாச்சி, நிங்கள்க்கு நோட்டு வேண்டா, எனிக்கு வேணும்" என்று சிரிப்பார். உங்களுக்கு நோட்டுத் தேவையில்லை, எனக்குத்தான் தேவை என்பார். இது உனக்கு விளங்கும், பாக்கியத்துக்காகச் சொன்னேன், அவள் அதையும் சேர்த்து எழுதிவிட்டாள். இருக்கட்டும்.

அந்த வாரம் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நானில்லை, வேறு ஆள். மூட்டையை வாங்கிப் பிரித்தது டீச்சரின் கணவர். கப்பலிலிருந்து முந்தின நாள்தான் வந்திருக்கிறார். தன்னைப் போல ஒன்றரை மடங்கு ஆளுக்கான சட்டை, தன் வீட்டுத் துணிக்கு நடுவில், தன் வீட்டுக் குறியோடு. வேறு குறியாக இருந்தால் மூட்டை மாறிவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். குறி அவர் வீட்டுக் குறி. அப்படியென்றால் சட்டை அந்த வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. டீச்சர் நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார், பார், நான் போட்டதில் இது இல்லை என்று. "நோட்டு நீ எழுதினதல்லே?" என்று கேட்டாராம். படித்தவள் எழுதியதை நம்பவில்லை, படிக்காதவன் போட்ட குறியை நம்பினார். எனக்கு எவ்வளவு பெரிய மரியாதை பார்த்தாயா.

அடுத்த நாள் பகலில், கூடத்தில் எல்லாரும் துணி உதறிக்கொண்டிருக்கிற நேரத்தில், இரண்டு பேரும் வந்தார்கள். அவர் முன்னால், டீச்சர் பின்னால், இடுப்பில் பிந்து. அவர் சட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டி, காலரைத் திருப்பி, "இது ஞங்ஙளுடெ குறியாணோ?" என்று, இது எங்கள் வீட்டுக் குறியா என்று கேட்டார். துணியைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சேகர். நினைவில் இல்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் அது இன்னொரு பொய். லாட்ஜ் மூட்டை அவிழ்ந்தது, அந்த இளநீலம் சரிந்து டீச்சர் வீட்டு முண்டின் மேல் விழுந்தது, நான் மாரியப்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊசியை இறக்கியது, எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது. மாரியப்பன் அங்கேதான் நின்றான். இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்துகொண்டு. ஏழெட்டுப் பேர் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நான் "ஆமா, உங்க வீட்டுக் குறிதான்" என்றேன். "தப்பு வருமோ?" என்றார். "என் கையில தப்பு வராது" என்றேன்.

அவர்கள் வந்து கேட்டதும், நான் சொன்ன இந்தப் பதிலும் உனக்குத் தெரியும். இந்தக் கதையை நீ எட்டு வயதில் இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். சட்டை டீச்சரைத் தேடி வந்த லாட்ஜ் ஆளுடையது, என் குறி அவளைக் காட்டிக்கொடுத்தது என்று நான் சொன்ன விதத்தில் கேட்டாய். டீச்சர் தலையைக் குனிந்தாள், அழுதாள், திரும்பி நடந்தாள் என்று சொல்லி, அந்த வேக நடையை நடந்தும் காட்டுவேன், கையில் இஸ்திரி போடும் கரிப்பெட்டியைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு. நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "அப்பா, அந்த டீச்சர் கதை, அந்த டீச்சர் கதை" என்று மறுபடி கேட்பாய். எத்தனை தடவை சொன்னேனோ. சொல்லச் சொல்ல என் காதுக்கே அது உண்மையாகக் கேட்கத் தொடங்கியது. லாட்ஜில் தங்கியவன் பெயரைக்கூட ஒரு நாள் நானாக இட்டுக்கட்டினேன். அந்தப் பெயரைத்தான் நீ நாவலில் வைத்திருக்கிறாய்.

உன் அம்மா மட்டும் ஒரு தடவையும் சிரித்ததில்லை. ஒரு நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த லாட்ஜ் மேனேஜர் ஒரு நீலச் சட்டை காணும்னு கேட்டு வந்தாரே. காத்துல பறந்து வாய்க்கால்ல விழுந்துட்டுதுன்னு சொன்னியளே. அன்னைக்குக் காத்தே அடிக்கல." அவ்வளவுதான். அவள் போய்ச் சேரும்வரை அந்த ஒரு பேச்சு எங்களுக்கு நடுவில் மடித்து வைத்த துணி மாதிரிக் கிடந்தது.

நான் சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? நான் "என் கையில தப்பு வராது" என்று சொன்ன பிறகு டீச்சர் அழவில்லை. தலை குனியவும் இல்லை. பிந்துவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கணவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணுகூடி சோதிச்சு நோக்கு. ஆ மனுஷ்யன் கள்ளம் பறயில்ல." இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், அந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பயந்து பார்க்கவில்லை. நோட்டைப் படித்துவிட்டு, நான் அடுத்த உருப்படியை எடுத்து வைக்கக் காத்திருப்பாரே, அந்த மாதிரி. கணவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன்.

அவர் சட்டையை டீச்சரின் மேல் எறிந்துவிட்டுப் போனார். அந்த மாதமே கப்பலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பள்ளுருத்திக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நான் அந்தத் திசையில் துணி எடுக்கப் போனதில்லை. பஸ் அந்த வழியாகப் போனால்கூட ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.

இப்போது நீ கேட்பாய், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது என்ன என்று. போன மாதம் உன் நாவலுக்கு விழா வைத்தார்களே, என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினாயே, அன்றைக்குத் தொடங்கியது. நீ மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: "எனக்கு நூலகம் கிடையாது, என் அப்பாவின் வாய்தான் என் நூலகம். அவருடைய ஞாபகத்திலிருந்து ஒரு நூல்கூடப் பிசகாது." எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு அம்மாள் எழுந்து பேசினார். தப்புச் செய்த ஒரு பெண்ணை இவ்வளவு கருணையோடு மன்னிக்க இவரால்தான் முடியும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன புத்தகம், யாரை மன்னித்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. நீ எதையும் எனக்குப் படித்துக் காட்டியதில்லையே. நானும் கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து, மத்தியானம், நம் இஸ்திரிக் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பதை நெருங்குகிற வயது. துணி கொடுக்க வந்தவள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். கையில் உன் புத்தகத்தை வைத்தாள். "அண்ணாச்சி, ஞான் பிந்து. ராதாமணி டீச்சருடெ மோள்" என்றாள். "படிச்சீங்களா?" என்று தமிழில் கேட்டாள், கொஞ்சம் தமிழ் வருகிறது. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். "அப்போ நான் படிக்கிறேன், இருந்து கேளுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தாள். நிறுத்தி, நிதானமாக. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய் சேகர். கூடத்தில் கயிற்றுப் புரிகளுக்கு நடுவே துணியைச் சொருகுவது, கல்லில் அடிக்கும்போது நம் ஆட்கள் போடுகிற சத்தம், சிரட்டைக் கரியின் வாசனை, எல்லாம் அப்படியே. பொய்யைத் தவிர எல்லாம் உண்மை. என் பொய்க்கு நீ கஞ்சி போட்டு, நீலம் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாய். அந்தப் பெண் லாட்ஜ்காரனுக்காக ஜன்னலில் காத்திருக்கிற இடம் வந்தபோது பிந்துவின் குரல் மாறவில்லை. கடைசியில் அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுகொண்டே படகுத்துறைக்கு நடக்கிற இடமும் வந்தது. பிந்து புத்தகத்தை மூடினாள். "எங்க தெருவுல எல்லாரும் வாசிச்சாச்சு. இது ஆருடெ கதைன்னு அங்கே குழந்தைக்கும் அறியும். முன்னாடி பேசாம இருந்தவங்ககூட இப்போ அம்மாகிட்ட வந்து, சாரமில்லை, போகட்டும் டீச்சரே, எல்லாருக்கும் நடக்கிறதுதான்னு ஆறுதல் சொல்றாங்க. என் அம்மாவுக்கு ஆறுதல் எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். நான் கரிப்பெட்டியை ஒரு வேட்டியின் மேல் வைத்தபடி நின்றிருக்கிறேன். வேட்டி கருகி வாசனை வந்தபோதுதான் எடுத்தேன்.

உன்னைப் பற்றி நீ எழுதுகிறவனாக ஆவதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். ஜூ டவுனில் பழைய சாமான் கடைகளில் போய், யார் வீட்டிலிருந்தோ வந்த பழைய போட்டோக்களை வாங்கி வருவாய். கல்யாணக் கோலத்தில் நிற்கிறவர்கள், மடியில் குழந்தையோடு உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் நீயாகப் பெயர் வைத்து, இவள் இவனை விரும்பவில்லை, இவர் கடனில் செத்தார் என்று உன் அம்மாவுக்குச் சொல்வாய். அவள் வாயைப் பிளந்து கேட்பாள். திருப்பூணித்துறைக்குக் குடி போன பிறகும் காரை வாங்காமல் மெட்ரோவிலும் பஸ்ஸிலும்தான் போகிறாய், பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்க. அதெல்லாம் தப்பென்று சொல்லவில்லை. உன் தொழில் அது, அழுக்குத் துணியைப் பார்த்தால் நான் மோந்து பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் அந்தப் போட்டோக்காரர்கள் செத்துப் போனவர்கள், வந்து உன் வாசலில் நிற்க மாட்டார்கள். இந்த அம்மாள் பள்ளுருத்தியில் இருக்கிறார். உன்னிடம் யாராவது ஒரு கதையைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தால், அந்த இடத்தில் அன்றைக்கு யார் சிரிக்காமல் நின்றார்கள் என்று சொன்னவரிடமே கேள். என்னிடம் நீ அதைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நான் திணறியிருப்பேன், நீ கூர்மையானவன், பிடித்திருப்பாய்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பள்ளுருத்திக்குப் போனேன். டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று பிந்துவிடம் கேட்டிருந்தேன், அவள்தான் வந்து ஆட்டோவில் கூட்டிப்போனாள். டீச்சருக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. கட்டிலில் மூன்று தலையணை வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறது. இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார், அதிலிருந்தே எங்களுக்குத் தெரிகிறது என்றாள் பிந்து. நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாரியப்பன், குவியல், இளநீலம், எல்லாம். என் காலில் விழுகிற வயதுள்ளவர்களே இப்போது செத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் அவர் காலில் விழக் குனிந்தேன். "வேண்டா அண்ணாச்சி, எழுந்நேல்க்கு. விழுந்தா நிங்களெ தூக்கான் இவிடெ ஆளில்லா" என்றார். எழுந்திருங்கள், விழுந்தால் உங்களைத் தூக்க இங்கே ஆள் இல்லை என்று. அந்த நிலையிலும் அவருக்கு அந்தச் சிரிப்பு வருகிறது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க முகத்துல கண்டேன்" என்றார். பேச்சு மலையாளத்திலும் எனக்காகத் தமிழிலும் மாறி மாறி வந்தது. "தெரிஞ்சா ஏன் டீச்சரே சத்தம் போடல?" என்றேன். "ரெண்டாம் தடவை கேட்கச் சொன்னேனே. அதுக்கு மேலே ஒரு மனுஷனை எப்படிக் கேட்கறது?" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "உங்க மகன் நல்லா எழுதறான். ரெண்டு தடவை வாசிச்சேன். ஆனா அந்தப் பெண்ணு ஒண்ணும் மிண்டாம கரைஞ்சிட்டு நிக்கறா. நான் பேசினேன் அல்லே? அதை ஏன் விட்டுட்டான்?" என்றார். பேசாமல் அழுதுகொண்டு நிற்கிறாள் என்றுதான் அவருக்கு வருத்தம். "அவனுக்குத் தெரியாது டீச்சரே. நான் சொல்லல." "அப்போ சொல்லுங்க. அந்த வாக்கியம் புஸ்தகத்துல வரணும். வந்ததை நான் காணணும்." "என்னை மன்னிச்சிருங்க டீச்சரே" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அது வேற காரியம் அண்ணாச்சி. அதை நான் இன்னும் யோசிக்கல்லா" என்றார்.

கிளம்பும்போது பிந்துவைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். அந்தச் சட்டை. இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறார். "என்றைக்காவது நீங்க வருவீங்க, அப்போ கொடுக்கலாம்னு" என்றார்.

சேகர், "பெரியப்பா, இதையும் எழுதணுமா, படிக்கிறவங்க உங்களைக் கேவலமா நினைக்க மாட்டாங்களா?" என்று பாக்கியம் இரண்டு இடத்தில் எழுதாமல் நிறுத்தினாள். எழுது என்றேன். ஊரைக் கூட்டி வைத்துச் சொன்ன பொய், அதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் கணக்குச் சரியாகாது. இன்னொரு பிரதியும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதைத் தமிழில் புத்தகம் போடுகிறவர்களிடம் நீயே கொடுத்து, நாவலுக்கு முன்னால் முதல் பக்கங்களில் அச்சடிக்கச் சொல். என் மானம் போகும் என்று பார்க்காதே. உன் பெயர் கெடுமே என்றுதான் நான் மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். இது உன் நல்ல புத்தகம், எல்லாரும் கொண்டாடுகிற புத்தகம், அதில் கை வைக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று எனக்கும் தெரியும். ஆனால் அவரை நீ மன்னித்திருக்கிறாய் என்று மேடையில் சொன்னார்களே, அதை நினைத்தால் என்னால் சோறு இறக்க முடியவில்லை. மன்னிக்க அவரிடம் என்ன இருந்தது? நான் செய்ததை அவர் தலையில் வைத்து, அதற்கு நீ மன்னிப்பும் கொடுத்துவிட்டாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது இது.

அச்சை நிறுத்து. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். புதன்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் பள்ளுருத்திக்கு வா. அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுது. அவருக்கு மூச்சு இருக்கும்போது எழுது. நீ திரும்பி வரும் ஆறு மாதம் அவரிடம் இல்லை, என்னிடமும் இருக்குமோ என்னவோ. போனில் நீ மறுபடி "கதைதானேப்பா" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கடிதமாக அனுப்புகிறேன். கடிதத்திடம் உன்னால் சிரிக்க முடியாது.

சட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். காலரைத் திருப்பிப் பார். இரண்டு கோடு, நடுவில் புள்ளி. அது டீச்சர் வீட்டுக் குறி, அன்றைக்குப் போட்டது, ஒரு இழைகூட மங்கவில்லை. குறுக்கே ஓடுகிற கோடு நான் முந்தாநாள் போட்டது. சேங்கொட்டையை நாட்டு மருந்துக் கடையில் தேடி வாங்கினேன். கோடு கோணலாக விழுந்திருக்கிறது, பால் பட்டு விரலில் கொப்புளமும் வந்திருக்கிறது. பக்கத்தில் மூன்று புள்ளி, கீழே வளைவு. அது லாட்ஜ் குறி. சட்டை இனிமேல் யாருடையதோ அவருடையது. நேரில் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம், டீச்சரிடம் சொல்லிவிட்டேன். என் கையால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். உன் புத்தகத்தில் விழுந்திருப்பதற்குக் குறுக்கே என்னால் கோடு இழுக்க முடியாது. எனக்கு எழுத்துத் தெரியாது, சேகர்.